கேள்வி பதில்: கேட் திறந்தால்தான் மோரே

மணிப்பூர்க் கலவரச் செய்திகளுக்கு நடுவே ‘மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன’ என்று ஒரு வரி அவ்வப்போது பேப்பரில் வந்துபோகிறது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் மணிப்பூரின் எல்லை ஊரான மோரே மட்டும்தான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோரே சரியாக எங்கே இருக்கிறது? மணிப்பூர் என்றால் மலைதானே, எப்போதும் குளிருமா?
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

குளிராது. வேர்த்துக் கொட்டும் ஊர் அது. மணிப்பூரின் நடுவில் தாம்பாளம் மாதிரி ஒரு சமவெளி, அதுதான் இம்பால் பள்ளத்தாக்கு, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரம், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மலை. இம்பாலிலிருந்து தென்கிழக்கே கிளம்பினால் தௌபால், காக்சிங் பக்கம் வரை இரண்டு புறமும் வயல்தான். பல்லேல் என்ற இடத்தில் ஏற்றம் ஆரம்பிக்கிறது. தெங்நௌபால் முகட்டுக்கு வரும்போது மேகம் சாலைக்குள்ளேயே வந்துவிடும். அங்கிருந்து மறுபுறம் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு, லோக்சாவ் ஆற்றுப் பாலம், அதை ஒட்டி வனவிலங்குச் சரணாலயம், காடு. இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். மொத்தம் சுமார் 110 கிலோமீட்டர் போனதும் மலை முடிகிற இடத்தில் மோரே. நிர்வாகக் கணக்கில் தெங்நௌபால் மாவட்டம், 2016 வரை சாந்தேல் மாவட்டம்.

ஊருக்குக் கிழக்கே இருப்பது கபாவ் பள்ளத்தாக்கு. தட்டையான, வளமான, நெல் விளைகிற நிலம். அது மியான்மர், பழைய பர்மா. அந்தப் பக்கத்து ஊரான தமு சில கிலோமீட்டர்தான். ஆக, மோரேக்காரர்கள் இந்தியாவின் மற்ற பகுதிக்கு வர ஒரு மலைத்தொடரைத் தாண்ட வேண்டும், வெளிநாட்டுக்குப் போக நடந்தால் போதும். இந்த ஊரைப் பற்றி வேறு எதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற விஷயங்கள் பாதிக்கு மேல் இதிலிருந்தே புரிந்துவிடும்.

அந்தக் கபாவ் பள்ளத்தாக்கு யாருக்கு என்று மணிப்பூர் அரசர்களும் பர்மா அரசர்களும் நெடுங்காலம் அடித்துக்கொண்டார்கள். 1826இல் பிரிட்டிஷாருக்கும் பர்மாவுக்கும் இடையே யாண்டபோ உடன்படிக்கை, அதற்குப் பிறகு 1834இல் பிரிட்டிஷார் பள்ளத்தாக்கை பர்மாவிடம் கொடுத்துவிட்டு, மணிப்பூர் ராஜாவுக்கு ஈடாக மாதம் 500 ரூபாய் தருவதாக முடித்துவைத்தார்கள். மணிப்பூரில் இன்றும் இதைச் சொல்லி வருத்தப்படுகிறவர்கள் உண்டு. 1937 வரை பர்மாவே பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி என்பதால் இந்த எல்லைக் கோட்டைப் பற்றி ஊர்க்காரர்கள் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. இரு நாடுகளும் உட்கார்ந்து எல்லை ஒப்பந்தம் போட்டதே 1967இல்தான்.

என் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்து 1964இல் கப்பலில் சென்னைக்குத் திரும்பியவர். பர்மாவிலிருந்து எல்லோரும் அப்படித்தானே வந்தார்கள்? மணிப்பூர்க் காட்டுக்கு எப்படித் தமிழர்கள் போனார்கள்?
(வாசகர், காரைக்குடி)

உங்கள் தாத்தாவோடு அதே கப்பலில் வந்தவர்களில் சிலரேகூட மோரேயில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கி, மொத்த வியாபாரம், கடைசியில் தெருக்கடை வரை அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வேறு. கையில் இருந்த ரொக்கமும் போயிற்று. காரைக்குடிக்காரரிடம் செட்டியார்கள் கதையைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை, இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போனதால், கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி விளைநிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. பர்மியருக்கு இந்தியர்கள் மேல் இருந்த கோபத்துக்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் 1964இல் நடுத்தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமே இல்லாதவர்கள். துறைமுகக் கூலி, சின்னக் கடைக்காரர், வயல் வேலைக்காரர். சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறினார்கள். நகையைக்கூட எடுத்துவர விடவில்லை.

சரி, வந்த இடத்தில் என்ன கிடைத்தது? முகாம், கொஞ்சம் கடன் உதவி, அப்புறம் ‘பர்மா காலனி’, ‘பர்மா நகர்’ என்று ஊருக்கு ஊர் ஒரு குடியிருப்பு. பலருக்கு அது ஒத்துவரவில்லை. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு என்பது பெற்றவர்கள் சொல்லிக் கேட்ட ஊர்தான். வீடு, மாடு, சொந்தபந்தம் எல்லாம் அங்கே கிடக்கிறது. கப்பலில் திரும்பிப் போக முடியாது, விடமாட்டார்கள். அதனால் சிலர் ரயிலேறி அசாம் வந்து, மணிப்பூர் வந்து, நடந்தாவது உள்ளே போய்விடலாம் என்று மோரே வரை வந்துவிட்டார்கள். சென்னையிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் மேல். பர்மியக் காவல் அவர்களை தமு பக்கம் மடக்கித் திருப்பி அனுப்பியது. திரும்பி எங்கே போவது? எல்லைக்கு இந்தப் பக்கம் கொட்டகை போட்டுக்கொண்டு, இன்றைக்கு விடுவார்கள், நாளைக்கு விடுவார்கள் என்று இருந்தவர்கள் அப்படியே ஊராகிவிட்டார்கள். அவர்களைத் தேடி உறவுகள் வந்தன. அந்தப் பக்கமிருந்து தரைவழியாகவே தப்பி வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இதே பாதையில் தமிழர்கள் நடந்தது அதுதான் முதல் தடவை என்றும் நினைக்காதீர்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது நான்கைந்து லட்சம் இந்தியர்கள் கால்நடையாக ஓடிவந்தார்கள். அவர்களில் ஒரு பெருங்கூட்டம் சிந்த்வின் ஆற்றைக் கடந்து தமு, பல்லேல், இம்பால் என்றுதான் வந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியெல்லாம் செத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, கறுப்பர்களுக்கு ஒரு வழி என்று பிரித்து அனுப்பியதாக அப்போதே காங்கிரஸ் தலைவர்கள் கண்டித்தார்கள். அந்த நடையைப் பற்றி நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டாமா? எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

மோரேயை ‘குட்டித் தமிழ்நாடு’ என்று எழுதுகிறார்களே, அவ்வளவு தமிழர்களா?
(வாசகர், ஈரோடு)

அப்படி எழுதினால் தலைப்பு கவர்ச்சியாக இருக்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை. 2011 கணக்கெடுப்பில் மோரேயின் மொத்த மக்கள்தொகையே 16,847தான். தமிழர்கள் இப்போது சுமார் 3,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு இருந்தார்கள், ஊரின் வியாபாரமே அவர்கள் கையில் இருந்தது என்பதும் உண்மைதான்.

அது எப்படி அவர்கள் கைக்கு வந்தது என்று யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பர்மிய மொழி தெரியும், அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார், இந்தப் பக்கம் சென்னை பர்மா பஜார் வரை தொடர்பு இருக்கிறது. எல்லை ஊரில் இதைவிட வேறென்ன முதலீடு வேண்டும்? பணம் இல்லாமல் வந்தவர்கள் பாஷையை வைத்துப் பிழைத்தார்கள்.

தமிழ்ச் சங்கம் இருக்கிறது, ஊர் விவகாரங்களில் அதற்கு ஒரு குரலும் இருக்கிறது. அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோவில், நம் ஊர்ப் பாணியில், எல்லைக் கோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. தமிழர்களுக்குள் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. இட்லி தோசைக் கடையும் உண்டு, பர்மிய நூடுல்ஸும் உண்டு. சென்னை பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டிருக்கிறீர்களா? அதே பர்மா நாக்குதான் மோரேயிலும்.

ஒரு மோரேத் தமிழர் வீட்டில் தமிழ் பேசுவார், கடையில் பர்மிய மொழி, அரசு ஆபீசில் மெய்தேய் மொழி, ராணுவத்துக்காரரிடம் இந்தி, பக்கத்து வீட்டில் குக்கி பாஷை கொஞ்சம். ஐந்து மொழியில் பேரம் பேசத் தெரிந்தவரை ‘குட்டித் தமிழ்நாடு’ என்ற பெட்டிக்குள் அடைப்பது அவருக்குச் செய்கிற மரியாதையா என்ன?

குக்கி, மெய்தேய், நாகா என்று குழப்பமாக இருக்கிறது. மோரே யாருடைய ஊர்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

‘யாருடைய ஊர்’ என்ற இந்தக் கேள்விக்குத்தான் சார் அங்கே இத்தனை சண்டையும்.

மெய்தேய் மக்கள் இம்பால் சமவெளிக்காரர்கள். மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வைணவ இந்துக்கள், தங்கள் பழைய சனமாஹி வழிபாட்டை விடாதவர்களும் உண்டு. சமவெளி, மாநில நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். மிச்சம் மலை. அதில் நாகா இனத்தவரும் குக்கி-ஸோ இனத்தவரும் இருக்கிறார்கள், இரு தரப்பிலும் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். மலையில் மெய்தேய் ஒருவர் நினைத்தபடி நிலம் வாங்க முடியாது, நிலச் சட்டம் தடுக்கிறது. அவர்களுக்கு அது ஒரு குறை. சட்டசபையில் 60க்கு 40 இடம் சமவெளிக்கு, பதவியும் பணமும் இம்பாலில், இது மலைக்காரர்களின் குறை. இரண்டுமே பொய்யான குறை இல்லை என்பதுதான் சிக்கல்.

மோரேயைச் சுற்றியுள்ள கிராமங்கள் பெரும்பாலும் குக்கி கிராமங்கள். மலைச்சரிவில் மரிங் போன்ற நாகா இனத்தவரும் இருக்கிறார்கள். ஊருக்குள் மெய்தேய், பங்கால் என்று சொல்லப்படும் மெய்தேய் முஸ்லிம்கள், நேபாளிகள், மார்வாடிகள், பஞ்சாபிகள், பீகாரிகள், நம்மவர்கள் எல்லோரும் சந்தையை நம்பி வந்து சேர்ந்தவர்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பர்மியர், ஷான், சின், அங்கேயும் குக்கி, அங்கேயும் மெய்தேய். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியன், தம்பி மியான்மர்க்காரன் என்பது அங்கே செய்தியே இல்லை.

1992இல் தொடங்கிச் சில ஆண்டுகள் குக்கி நாகா சண்டை நடந்ததே, மோரே சந்தையில் போகிற வருகிற சரக்குக்கு யார் ‘வரி’ வாங்குவது என்ற போட்டியும் அதன் வேர்களில் ஒன்று. ஆயுதக் குழுக்கள் வாங்குகிற வரியைச் சொல்கிறேன், அரசாங்கம் வாங்குவதை அல்ல. 1995இல் குக்கிகளுக்கும் தமிழர்களுக்கும்கூட மோதல் நடந்து உயிர்ப்பலி ஆனது. அதற்குப் பிறகுதான் பல தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பின. ஆகவே 2023க்கு முன்னால் மோரேயில் எல்லோரும் அண்ணன் தம்பியாக இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வியாபாரம் ஓடியது, அதனால் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள்.

அது முழுக்கக் கடத்தல்காரர்கள் ஊர் என்கிறாரே என் நண்பர்?
(வாசகர், மதுரை)

உங்கள் நண்பர் பாதி சரி. ஹெராயின், ‘யாபா’ என்கிற போதை மாத்திரை, தங்கம், கொட்டைப்பாக்கு எல்லாம் இந்த வழியில் பிடிபடுகின்றன. இங்கிருந்து அந்தப் பக்கம் போவதில், போதைப் பொருள் தயாரிக்க உதவும் சளி மாத்திரைச் சரக்கும் உண்டு. ஆனால் இதைச் செய்கிற பெரிய கைகள் மோரேயில் உட்கார்ந்திருப்பதில்லை. ஊர்க்காரருக்குக் கிடைப்பது சுமை கூலி.

சட்டப்படியான வியாபாரத்தின் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இந்தியாவும் மியான்மரும் 1994 ஜனவரியில் எல்லை வர்த்தக ஒப்பந்தம் போட்டு, 1995 ஏப்ரலில் மோரேயில் தொடங்கிவைத்தார்கள். அனுமதித்தது 22 பொருள், அதுவும் பண்டமாற்று. இந்தப் பக்கத்துப் பொருளைக் கொடுத்து அந்தப் பக்கத்துப் பொருளை வாங்கு என்று. பின்னால் பட்டியலை 62 வரை நீட்டினார்கள், 2015 கடைசியில் பண்டமாற்றையே நிறுத்தி வழக்கமான ஏற்றுமதி இறக்குமதிக்கு மாறினார்கள். இதற்கு நடுவே, எல்லைக் கோட்டை ஒட்டி மியான்மர் பக்கம் நம்ஃபாலோங் என்று ஒரு சந்தை. சீனக் கம்பளி, செருப்பு, தட்டுமுட்டுச் சாமான், எமர்ஜென்சி லைட், எது வேண்டுமானாலும் கிடைக்கும். தலைச்சுமையாகக் கொண்டுவந்தால் யாரும் பில் கேட்பதில்லை. இம்பால் பெண்கள் விடியற்காலையில் வண்டி பிடித்து வந்து, எல்லைக் கேட்டைத் தாண்டிப் பையை நிரப்பிக்கொண்டு, மாலையில் கேட் அடைப்பதற்குள் திரும்பிவிடுவார்கள். மியான்மர் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும் என்பதால் அந்தப் பக்கம் கடை சாத்துகிற நேரத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 22 பொருள் பட்டியலை எழுதிய அதிகாரி இந்தச் சந்தையைப் பார்க்காமலா எழுதியிருப்பார்? பார்த்திருப்பார். எழுதுவது வேறு, நடப்பது வேறு என்பது எல்லை ஊருக்குப் பழக்கம்.

எல்லையில் விசா இல்லாமல் போய் வரலாமாமே, அதை ஏன் நிறுத்தினார்கள்? நிறுத்தியது சரியா?
(வாசகி, கோவை)

எல்லையோர மக்கள் விசா இல்லாமல் குறிப்பிட்ட தூரம் போய்வரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. முதலில் 40 கிலோமீட்டர், 2004இல் அதை 16 ஆகக் குறைத்தார்கள். 2018 ஆகஸ்டில் பாஸ்போர்ட், விசா வைத்திருக்கும் வெளியூர்க்காரர்களும் தரைவழியாகப் போகலாம் என்று மோரே-தமு வாசலைத் திறந்தார்கள். 2019 ஜனவரியில் பெரிய ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைப் பிரதமர் இம்பாலில் இருந்தபடி திறந்துவைத்தார். ஊர் இனிமேல் எங்கேயோ போகப்போகிறது என்று எல்லோரும் நினைத்த நேரம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட்டை மூடினார்கள். அது முடிவதற்குள் 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவப் புரட்சி. தமுவில் இளைஞர்கள் வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ராணுவத்தை எதிர்க்க ஆரம்பித்தார்கள், அங்கிருந்து அகதிகள் இங்கே வந்தார்கள். 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவ ஆதரவு ஆயுதக் கும்பல் மீதுதான் சந்தேகம். நம் ஊர்ப் பத்திரிகைகளில் அது இரண்டு நாள் செய்தி.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு இந்த ஏற்பாட்டை ரத்து செய்வதாகவும், 1,643 கிலோமீட்டர் எல்லை முழுக்க வேலி போடுவதாகவும் அறிவித்தது. மோரேயில் முதல் 10 கிலோமீட்டர் வேலி அப்போதே முடிந்திருந்தது. மிசோரமும் நாகாலாந்தும் எதிர்த்தன, மெய்தேய் அமைப்புகள் வரவேற்றன, குக்கி, நாகா அமைப்புகள் எதிர்த்தன. பிறகு அந்த ஆண்டு டிசம்பரில் முழு ரத்து இல்லை, 10 கிலோமீட்டர், எல்லையைக் காக்கும் மத்தியப் படையான அசாம் ரைஃபிள்ஸ் தரும் அனுமதிச் சீட்டோடு என்று மாற்றினார்கள்.

சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயுதமும் போதையும் வருவதைத் தடுக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் மலைக்காட்டில் வேலி போட்டால் கடத்தல்காரன் இன்னொரு ஓடை வழியாக வருவான், அவனிடம் வழிகாட்டியும் பணமும் இருக்கிறது. நின்றுபோவது பத்துப் பெட்டி ஊறுகாய் விற்கப் போகிற அம்மாவும், சாவு வீட்டுக்குப் போகிற தம்பியும்தான். என் அபிப்பிராயம் இது. டெல்லியிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியலாம்.

2023இல் மோரேயில் என்னதான் நடந்தது? தமிழர்கள் எந்தப் பக்கம்?
(வாசகர், சென்னை)

மெய்தேய் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைப்பது பற்றி மணிப்பூர் உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அதை எதிர்த்து 2023 மே 3 அன்று மலை மாவட்டங்களில் ஊர்வலம், அன்றைக்கே சுராசாந்த்பூர்ப் பக்கம் தீ பிடித்தது. அன்று இரவே மோரேயிலும் வீடுகள் எரிந்தன. ஊரில் இருந்த மெய்தேய் குடும்பங்கள் ராணுவப் பாதுகாப்பில் வெளியேறின, இம்பாலில் இருந்த குக்கிகள் அங்கிருந்து வெளியேறினார்கள். ஜூலை கடைசியில், ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் ஏறக்குறைய 30 வீடுகளை மோரே பஜார் பகுதியில் கொளுத்தினார்கள். அக்டோபர் 31 அன்று ஹெலிபேட் அமைக்கும் இடத்தைப் பார்வையிட்ட காவல்துறை அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். 2024 ஜனவரியில் போலீஸ் கமாண்டோக்கள் மீது பெரிய தாக்குதல். அந்தக் கமாண்டோக்களில் பெரும்பாலோர் மெய்தேய்கள் என்பதால் குக்கிகள் அவர்களைப் போலீஸாகவே பார்க்கவில்லை, மத்தியப் படையான அசாம் ரைஃபிள்ஸை மெய்தேய்கள் நம்பவில்லை. மாநிலம் முழுக்க 250 பேருக்கு மேல் செத்தார்கள், சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள்.

தமிழர்கள் எந்தப் பக்கமும் இல்லை. ஆனால் அவர்கள் வீடுகள் இரண்டு தரப்பு வீடுகளுக்கும் நடுவிலோ ஒட்டியோ இருந்தன. தீ பேர் கேட்டுப் பிடிக்காது. சில தமிழ்க் குடும்பங்களும் வீட்டை இழந்தன, சிலர் சென்னைப் பக்கம் சொந்தக்காரர்களிடம் வந்துவிட்டார்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதை நம் பத்திரிகைகள் சரியாக எழுதவில்லை. கலவரத்துக்குப் பிறகு இம்பால்-மோரே சாலையில் மெய்தேய் ஒருவர் மலையேற முடியாது, குக்கி ஒருவர் சமவெளிக்கு இறங்க முடியாது. அப்படியானால் அரிசி, மருந்து, காய்கறி யார் கொண்டுவருவது? இரண்டும் அல்லாதவர்கள்தான். முக்கியமாகப் பங்கால் முஸ்லிம் டிரைவர்கள், அப்புறம் நேபாளிகள், தமிழர்கள் மாதிரி மூன்றாம் ஆட்கள். பக்கமில்லாமல் இருப்பது பயமும்தான், பிழைப்பும்தான். அந்த ஊர்த் தமிழர்கள் வாயைத் திறந்து அரசியல் பேசவில்லையே என்று இங்கிருந்து கேட்டு எழுதியவர்களுக்கு, அதாவது இரண்டு வாசகர்களுக்கு, இதுதான் பதில்.

நேதாஜியின் படை மோரே வழியாக வந்ததா? அதில் தமிழர்கள் இருந்தார்களே, அவர்கள் வம்சமா மோரேத் தமிழர்கள்?
(வாசகர், ராமநாதபுரம்)

இரண்டாவது கேள்விக்கு இல்லை. அவர்கள் 1960களில் வந்தவர்கள், மேலே சொல்லிவிட்டேன். முதல் கேள்விக்கு ஆமாம். 1944இல் ஜப்பானியரும் இந்திய தேசிய ராணுவமும் இம்பாலைப் பிடிக்க வந்த வழிகளில் தமு-பல்லேல் சாலை மிக முக்கியமானது. தெங்நௌபால் பக்கத்து ஷெனாம் முகட்டில் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒவ்வொரு மேடாக அடித்துக்கொண்டார்கள், ஜப்பானியரால் அதைத் தாண்டவே முடியவில்லை. இந்திய தேசிய ராணுவத்தின் காந்தி பிரிகேட் பல்லேல் விமானதளத்தைத் தாக்கப் போனதும் அந்தச் சமயத்தில்தான். மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜி படையில் சேர்ந்தது உண்மை. ஆனால் இம்பால் முனையில் நின்ற பிரிகேடுகளில் பெரும்பகுதி, சிங்கப்பூரிலும் மலேயாவிலும் ஜப்பானியரிடம் சிக்கிய பழைய பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சிப்பாய்கள். பெருமைக்காக அதை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மோரேயிலிருந்து காரிலேயே பாங்காக் போகலாமா?
(வாசகர், திருப்பூர்)

இப்போதைக்கு வரைபடத்தில் போகலாம். இந்தியா-மியான்மர்-தாய்லாந்து நெடுஞ்சாலை, மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் என்று 2002இலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். தமு முதல் மியான்மரின் கலேமியோ வரை நம் எல்லைச் சாலை அமைப்பு போட்ட ரோடு 2001இலேயே திறந்தாகிவிட்டது. அதற்கப்பால் பாலம் பாக்கி, ரோடு பாக்கி, இப்போது உள்நாட்டுப் போர். பனியன் லோடு அனுப்புவதாக இருந்தால் கப்பலிலேயே அனுப்புங்கள்.

அங்காள பரமேஸ்வரி கோவிலுக்குப் போய்வர ஆசை. போகலாமா?
(வாசகி, விழுப்புரம்)

மணிப்பூருக்கு வெளிமாநிலத்தவர் போக 2020 ஜனவரியிலிருந்து இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், இம்பால் விமான நிலையத்திலும் தருகிறார்கள். அது கிடைப்பது பெரிய விஷயமில்லை. பல்லேலுக்கு மேலே சாலை அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். பந்த் இருக்கலாம், மறியல் இருக்கலாம், வழியில் அசாம் ரைஃபிள்ஸ் சோதனையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கலாம். மெய்தேய் டிரைவர் மலைக்கு வரமாட்டார் என்பதால் வண்டியை யார் ஓட்டுவது என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

போவதென்று முடிவு செய்தால் இம்பாலில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு, மோரே தமிழ்ச் சங்கத்தாரிடமும் தகவல் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆதார் அசல் கையில் இருக்கட்டும். கேட் பக்கம் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம், யார் எந்த இனம் என்று டீக்கடையில் விசாரிக்கவும் வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இந்த வருஷமே போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.